ஒரே வீட்டில் இருவர், இரண்டு தனித்தனிக் குழுக்கள்

கேள்வி: முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து சக்கர நாற்காலியில் இருக்கிறேன். அம்மாதான் முழுக்கப் பார்த்துக்கொள்கிறார். பழைய நண்பர்கள் வருவது குறைந்துவிட்டது. அம்மாவுக்கும் பேச ஆள் இல்லை. இணையத்தில் எங்களைப் போன்றவர்களோடு பழக வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. எங்கே தொடங்குவது? ஏமாறாமல் இருப்பது எப்படி? அப்படிக் கிடைக்கும் பழக்கம் நிலைக்குமா?

பதில்:

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் அம்மாவும் ஒரே குழுவில் சேராதீர்கள்.

பராமரிப்பவர்களுக்கான சின்னக் குழு ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். அதில் அடிக்கடி பார்ப்பது இது: வீட்டில் ஒரே போன், ஒரே வாட்ஸ்அப் குழு, மகன் சொல்லச் சொல்ல அம்மா தட்டச்சு செய்வார். மருந்து, கதீட்டர் என்ற சிறுநீர்க் குழாய், மெத்தை என்று தகவல் கேட்க அது போதும். மனம்விட்டுப் பேச உதவாது. ராத்திரி பலமுறை எழுந்து உங்களைத் திருப்பிப் படுக்கவைத்த அலுப்பில், "இதெல்லாம் எப்போதுதான் முடியுமோ" என்று அம்மாவுக்குத் தோன்றும். தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம். நீங்கள் படிக்கக்கூடிய இடத்தில் அதை அவர் எழுதவே மாட்டார். "அம்மா என்னைச் சின்னப் பிள்ளை மாதிரி நடத்துகிறார், எனக்கு வரும் போனைக்கூட அவரே எடுத்துப் பேசுகிறார்" என்று உங்களுக்கும் எழுதத் தோன்றும். அவர் இருக்கும் இடத்தில் நீங்களும் எழுத மாட்டீர்கள். இரண்டையும் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். ஒருவரையொருவர் பார்த்துச் சொல்லிக்கொண்டால் வீடு தாங்காது. ஆகவே ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு குழு. போன் ஒன்றுதான் இருக்கிறதென்றால் ஆளுக்கொரு பூட்டாவது வேண்டும்.

இனி உங்கள் பக்கம். உங்களைப் போலவே அடிபட்டவர்கள் இருக்கும் குழு ஒன்று கட்டாயம் வேண்டும். நட்பு அப்புறம், முதலில் உயிர். முதுகுத்தண்டில் டி6 (நெஞ்சுப் பகுதி முள்ளெலும்புகளில் ஆறாவது) என்ற மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என்று ஒன்று வரலாம். சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும், கதீட்டர் குழாய் மடங்கியிருக்கும், மலம் கட்டியிருக்கும். உடம்புக்கு அது தெரியும், உங்களுக்குத் தெரியாது. திடீரென்று தலை வெடிப்பதுபோல வலிக்கும், முகம் சிவக்கும், வியர்த்துக் கொட்டும், ரத்த அழுத்தம் கிடுகிடுவென ஏறும். கவனிக்காவிட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரைக்கும் போகலாம்.

இதில் சிக்கல் என்னவென்றால், கழுத்துப் பகுதியில் அடிபட்ட பலருக்கு வழக்கமான மேல் ரத்த அழுத்தமே 90 முதல் 110 வரைதான். 140 என்று காட்டினால் அவசரப் பிரிவில் இருப்பவர், "பரவாயில்லை, கொஞ்சம்தான் அதிகம்" என்று நகர்ந்துவிடுவார். உங்கள் வழக்கமான அளவைவிட 20, 40 ஏறினாலே ஆபத்து என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். உடனே நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும், இறுக்கமான உடையைத் தளர்த்த வேண்டும், முதலில் சிறுநீர்க் குழாயைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் குழுவில் இருப்பவர்களுக்கு மனப்பாடம். கிறிஸ்டோபர் அண்ட் டேனா ரீவ் என்ற அமெரிக்க அறக்கட்டளை இதற்கென்றே பர்ஸில் வைத்துக்கொள்ளும் அட்டை ஒன்றை வெளியிட்டிருக்கிறது. பலர் அதைக் கையோடு வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு அட்டை இருக்கிறது என்பதையே சக நோயாளி சொல்லித்தான் தெரிந்துகொண்டோம் என்பவர்கள் நிறைய.

குழுவைத் தேர்ந்தெடுக்க நான் பார்க்கும் அடையாளம் ஒன்றுதான். அடிபட்டுப் பத்து, பதினைந்து ஆண்டு ஆனவர்கள் அங்கே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்களா? புதிதாக அடிபட்டவர்கள் மட்டும் இருக்கும் இடத்தில் பேச்சு முழுக்க "எப்போது நடப்போம்" என்பதைச் சுற்றியே ஓடும். அது தப்பில்லை, ஆனால் ஆளை அப்படியே நிறுத்திவைத்துவிடும். பழையவர்கள் இருக்கும் இடத்தில் வேலை, பயணம், கல்யாணம், விவாகரத்து, எந்த மெத்தை எத்தனை மாதம் தாங்கும் என்று ஊர்ப்பட்ட கதை நடக்கும். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

அடுத்தது, என் பார்வையில் முதலாவதைவிட முக்கியமானது: உங்கள் உடம்பைப் பற்றிப் பேச்சே எடுக்காத ஓர் இடம்.

நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞருக்கு டுஷென் தசைச்சிதைவு. உடம்பு மெல்ல மெல்ல அடங்கிக்கொண்டே வந்தது. நாளின் பெரும்பகுதியை 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற இணைய விளையாட்டில் கழித்தார். பிள்ளை நட்பு என்றால் என்னவென்று தெரியாமலே போய்விடுவானே என்று பெற்றோர் கவலைப்பட்டார்கள். 2014-ல், 25 வயதில் அவர் இறந்தார். அவருடைய வலைப்பதிவில் அப்பா மரணச் செய்தியைப் போட்டார். பிறகு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. விளையாட்டில் 'ஐபலின்' என்ற பெயரில் அவரோடு பல ஆண்டுகள் பழகியவர்கள் ஒவ்வொருவராக எழுதினார்கள். வீட்டுச் சண்டையில் சமாதானம் செய்துவைத்தது, மனச்சோர்வில் கிடந்தவரைப் பேசிப் பேசி எழுப்பியது, ஆட்டிசம் உள்ள மகனோடு நெருங்க ஒரு தாய்க்கு வழி சொன்னது என்று அத்தனையும் அப்போதுதான் வெளியே வந்தன. சிலர் வேறு நாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்து நின்றார்கள். தன் நோயைப் பற்றி அவர் கடைசிக் காலத்தில்தான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே சொன்னார்.

"இது நிஜ உறவா?" என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன். ஆனால் இதில் நான் கவனிப்பது வேறு. அவர் அங்கே ஆறுதல் தேடிப் போகவில்லை, விளையாடப் போனார். கூட்டமாகச் சேர்ந்து ஒரு காரியம் செய்யும்போது நடுநடுவே வரும் பேச்சில்தான் பழக்கம் ஊறுகிறது. "நண்பர்கள் தேவை" என்று அறிவிப்புப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் வருபவர்களில் பாதிப்பேர் இரக்கப்பட வருவார்கள், மீதியில் சிலர் ஏமாற்ற வருவார்கள்.

ஆகவே பிடித்த ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சதுரங்கம் என்றால் லிசெஸ் என்ற இணையதளம் இருக்கிறது, முழுக்க இலவசம், பார்வையில்லாதவர்கள் ஆடவும் அதில் தனி வசதி உண்டு. படிப்பில் ஆர்வம் என்றால் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் பழைய நூல்களை மெய்ப்புப் பார்க்கலாம். பக்கம் பக்கமாகச் செய்கிற வேலை அது, இன்று ஒரு பக்கம் போதும் என்று மூடிவிட்டுப் போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். வீடியோ கேம் என்றால், விரல்கள் ஒத்துழைக்காவிட்டாலும் இப்போது வழி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2018-ல் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில் பெரிய பொத்தான்கள், காலால் மிதிக்கும் சுவிட்சுகள் என்று நமக்கு எது வாகோ அதைச் செருகிக்கொள்ளலாம். சோனி 2023-ல் 'ஆக்சஸ்' என்ற பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தது.

நாற்காலியைப் பற்றி அங்கே சொல்லலாமா வேண்டாமா என்பது முழுக்க உங்கள் விருப்பம். சொல்லாமல் இருப்பது பொய்யாகாது. ஒன்றில் மட்டும் வேறு மாதிரி யோசிப்பேன். பழக்கம் காதலாக மாறும் அறிகுறி தெரிந்தால் சீக்கிரம் சொல்லிவிடுவது நல்லது. எதிராளிக்காக மட்டும் சொல்லவில்லை, தள்ளிப்போடத் தள்ளிப்போடச் சொல்வது உங்களுக்குத்தான் கனத்துப்போகும்.

அம்மாவின் கதை வேறு. அவருக்குக் குறைவு ஆள் அல்ல, நேரம். "ஞாயிறு மாலை 5 மணிக்கு ஜூம் கூட்டம்" என்றால் அவரால் வர முடியாது. வந்தாலும் நீங்கள் கூப்பிட்டால் பாதியில் எழுந்து போவார், அடுத்த முறை கூச்சப்பட்டு வராமலே இருந்துவிடுவார். எழுத்திலும் வாய்ஸ் நோட்டிலும் நடக்கிற குழுதான் அவருக்குச் சரி. ராத்திரி 2 மணிக்குப் போட்டதற்குக் காலை 10 மணிக்குப் பதில் வந்தால் போதும். தட்டச்சு வராதென்றால் குரலில் சொல்லி எழுத்தாக்கும் வசதி பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் இருக்கிறது, தமிழிலும் ஓரளவு நன்றாகவே செய்கிறது.

குழுவும் சின்னதாக இருக்கட்டும். ஆயிரம் பேர் இருக்கும் இடத்தில் தகவல் கிடைக்கும். தன்னைத் தெரிந்தவர்கள் இருபது முப்பது பேர் இருக்கும் இடத்தில்தான் "இன்றைக்கு அவன்மேல் கத்திவிட்டேன்" என்று எழுத முடியும். அதற்குக் கீழே "நான் நேற்று கத்தினேன்" என்று நாலு பேர் எழுதுவார்கள். புத்திமதி சொல்ல யாராவது கிளம்பினால் நல்ல அட்மின் அதை அங்கேயே நிறுத்துவார். அட்மின் அப்படிச் செய்கிறாரா என்று சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். ஒரு எல்லை உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளவோ உங்களை ஏதாவது செய்துவிடவோ எண்ணம் வருகிற அளவுக்குப் போனால் அது குழு தாங்கும் விஷயமில்லை. அன்றைக்கே மருத்துவரிடமோ அவசர உதவி எண்ணிலோ பேச வேண்டும்.

கேள்வி கேட்கும் விதத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பதிலின் தரம் அதில்தான் இருக்கிறது. "பையனுக்குப் புண் வருகிற மாதிரி இருக்கிறது, என்ன செய்யலாம்?" என்று போட்டால் மஞ்சள் பூசுங்கள், கவலைப்படாதீர்கள், கடவுள் இருக்கிறார் என்று முப்பது பதில் வரும். இதையே இப்படிப் போடலாம்: "வால் எலும்புக்கு மேல் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்திருக்கிறது. விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்கவில்லை. தோல் கிழியவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புகிறேன். பகலில் ஆறு மணி நேரம் நாற்காலியில் இருக்கிறான். இதைப் பார்த்தவர்கள் என்ன செய்தீர்கள்?" விஷயம் தெரிந்தவர் ஒருவர் உடனே பிடித்துக்கொள்வார். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு என்பது படுக்கைப்புண்ணின் முதல் நிலை. நிறம் திரும்பும்வரை அந்த இடத்தில் பாரமே விழக்கூடாது. முழுக்க ஒருக்களிக்காமல் முதுகுப்பக்கம் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும், குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தாங்கு வைக்க வேண்டும், நாற்காலி மெத்தையில் காற்று இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பார். கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள் என்று இன்னொருவர் சேர்ப்பார். நாளைக்கே நர்ஸிடம் காட்டிவிடுங்கள் என்று மூன்றாமவர் முடிப்பார்.

யார் கண்ணிலும் படாத அபூர்வ நோய் என்றால் எழுதும் விதம் இன்னும் முக்கியம். அமெரிக்கக் கணினி அறிவியலாளர் மேத்யூ மைட்டின் மகனுக்கு 2012-ல் ஒரு மரபணுக் கோளாறு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. என்ஜிஎல்ஒய்1 என்ற மரபணு வேலை செய்யவில்லை. உலகத்தில் வேறு யாருக்கும் அது இருப்பதாக அப்போது பதிவில்லை. வேறொருவர் கிடைக்காதவரை அந்த மரபணுதான் காரணம் என்று உறுதியாகவும் சொல்ல முடியாது. மைட் தன் வலைப்பதிவில் கதையை எழுதினார், இதே அறிகுறிகளைக் கூகுளில் தேடித் தவிக்கும் பெற்றோர் கண்ணில் படும்படி எழுதினார். அழும்போது கண்ணீர் வராது என்பது அந்தக் குழந்தையின் அடையாளங்களில் ஒன்று. அந்தப் பதிவு ஊரெல்லாம் பரவியது. வேறு குடும்பங்கள் தேடிவந்தன. ஆளே இல்லாத நோய்க்கு ஒரு நோயாளர் சமூகமே உருவாகி, ஆராய்ச்சியும் தொடங்கியது. "நரம்பு வளர்ச்சிக் குறைபாடு" என்று டாக்டர் சீட்டில் இருக்கும் பெயரை மட்டும் அவர் எழுதியிருந்தால் யாரும் வந்திருக்க மாட்டார்கள். நீங்கள் கண்ணால் பார்க்கிறதை எழுதுங்கள். தேடுகிறவரும் அதைத்தான் தேடுவார்.

ஆனால் அம்மா எதை எழுதினாலும் உங்கள் பெயர், படம், புண்ணின் புகைப்படம் இவையெல்லாம் உங்களைக் கேட்காமல் போகக்கூடாது. இதை இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பேச முடியாத பிள்ளையையோ மறதி நோய் வந்த அப்பாவையோ பார்த்துக்கொள்பவர்களுக்கு நான் சொல்வது: டயப்பர் மாற்றுவது, கோபத்தில் கத்துவது போன்றவற்றைப் படமெடுத்துப் போடாதீர்கள், எத்தனை லைக் வந்தாலும் சரி. இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

ஏமாற்று வேலைக்கு வருவோம். முதுகுத்தண்டுக் குழுக்களில் முதலில் வருவது ஸ்டெம் செல் (பல வகைத் திசுவாக வளரக்கூடிய மூல உயிரணு) வியாபாரம். குழுவில் பொதுவாகப் பேச மாட்டார்கள், தனியாக மெசேஜ் அனுப்புவார்கள். "என் தம்பி எழுந்து நின்றுவிட்டான்" என்று ஒரு வீடியோ, பின்னாலேயே ஒரு கிளினிக்கின் பெயர். நிரூபணமாகாத இந்தச் சிகிச்சைகளால் என்ன நடக்கலாம் என்பதற்கு 2014-ல் மருத்துவ இதழில் வெளியான ஒரு பெண்ணின் கதை போதும். மூக்கின் உட்சவ்விலிருந்து எடுத்த திசுவை அவருடைய முதுகுத்தண்டில் வைத்தார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து முதுகு வலி என்று போனார். முதுகுத்தண்டுக்குள் சளி சுரக்கும் ஒரு கட்டி வளர்ந்திருந்தது, அறுவை செய்துதான் எடுக்க வேண்டியிருந்தது.

நல்ல குழுவில் பலன் தராததையும் எழுதுவார்கள். ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்கு லித்தியம் உதவுகிறது என்று 2008-ல் ஒரு சின்ன ஆய்வு வந்தது. பேஷன்ட்ஸ்லைக்மீ என்ற தளத்தில் இருந்த நோயாளிகள் பலர் தாங்களாகவே மருத்துவர் மூலம் அதை எடுத்துப் பார்த்து, தங்கள் நிலையைத் தொடர்ந்து பதிந்தார்கள். உதவவில்லை என்பது தெரிந்தது. 2011-ல் அதை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். "எனக்கு வேலை செய்யவில்லை" என்று எழுதுபவரை விரட்டுகிற குழுவிலிருந்து நீங்கள் வெளியேறிவிடலாம்.

காதல் மோசடி எல்லோருக்கும் தெரிந்த கதைதான்: இரண்டே நாளில் வேறு செயலிக்கு அழைப்பார்கள், வீடியோவில் முகம் காட்ட மாட்டார்கள், பிறகு பண நெருக்கடி வரும். உங்களுக்கென்று கூடுதலாக ஒன்று. பெயர் கேட்பதற்கு முன்னால் கால்களைப் பற்றியும் நாற்காலியைப் பற்றியும் கேட்டுப் படம் அனுப்பச் சொல்லும் ஒரு வகையினர் உண்டு. அவர்களுக்கு நீங்கள் வேண்டாம், உங்கள் ஊனம்தான் வேண்டும். பிளாக் செய்துவிட்டுப் போங்கள்.

பலருக்குத் தெரியாதது, நோயே இல்லாமல் நோயாளிக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள். மார்க் ஃபெல்ட்மன் என்ற மனநல மருத்துவர் இதற்கு 2000-ல் 'இன்டர்நெட் வழி மன்ச்சாசன்' என்று பெயர் வைத்தார். மன்ச்சாசன் என்பது நோய் இருப்பதாக நடிக்கும் மனக்கோளாறு. இவர்களில் பலர் பணம் கேட்பதில்லை. கவனிப்புதான் வேண்டும். சாகக் கிடப்பார்கள், மறுநாள் பிழைத்துவருவார்கள். குழுவின் கவனம் வேறொருவர் பக்கம் திரும்பினால் புதிதாக ஒரு விபத்து நடக்கும். இரவெல்லாம் விழித்து ஆறுதல் சொன்னவர்கள் உண்மை தெரிந்ததும் உடைந்துபோவார்கள். சந்தேகம் வந்தால் குழுவில் போட்டு உடைக்காமல் அட்மினிடம் தனியாகச் சொல்லுங்கள். தப்பான ஆளைச் சந்தேகப்பட்டிருந்தால் அது அவருக்குச் செய்யும் பெரிய கொடுமை.

குழுவில் எல்லா வகைப்பட்டவர்களும் இருப்பார்கள் என்பதால் ஒரு சின்ன மரியாதை. வாய்ஸ் நோட் மட்டும் போட்டால் காது கேளாதவர் வெளியே நிற்பார். எழுத்தைப் படமாக்கிப் போட்டால் பார்வையில்லாதவரின் ஸ்க்ரீன் ரீடருக்கு அது வெறும் படம்தான். பத்து சிரிப்பு எமோஜி போட்டால் சில ரீடர்கள் பத்து முறையும் வாசித்துக்காட்டும். குழுவாக ஆடியோவில் பேசும்போது, பேச்சு மெதுவாக வருகிறவர் வாயைத் திறப்பதற்குள் அடுத்தவர் ஆரம்பித்துவிடுவார். எழுத்தில் அந்தப் பிரச்சினை இல்லை.

நிலைக்குமா என்று கேட்டீர்கள். சில நிலைக்கும், பல நிலைக்காது, நேரில் பழகுவதும் அப்படித்தான். நிலைத்தவற்றில் நான் பார்த்த பொதுவான அம்சம், நீண்ட மௌனத்தை இரு பக்கமும் பொறுத்துக்கொள்வது. படுக்கைப்புண் வந்தால் உங்களுக்கு மாதக்கணக்கில் குப்புறப் படுக்க நேரலாம். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் வீடே தலைகீழாகும். "பதில் போட முடியாமல் போனால் கோபம் என்று அர்த்தமில்லை" என்று ஆரம்பத்திலேயே ஒரு வரி எழுதிவையுங்கள். திரும்பி வரும்போது விளக்கம் கொடுக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து பேசுங்கள். அப்புறம், கேட்டுக்கொண்டே இருக்காமல் சொல்லவும் தொடங்குங்கள். கதீட்டர் பற்றி உங்களுக்குத் தெரிந்தது நேற்று அடிபட்டவருக்குப் பெரிய செய்தி. உதவி வாங்கிக்கொண்டே இருக்கும் வாழ்க்கையில் ஒருவருக்கு உதவி செய்கிற இடம் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

கடைசியாக ஒரு வேலை. மாட்ஸ் ஸ்டீனின் நண்பர்களுக்குச் செய்தி போனது அவர் தன் வலைப்பதிவின் கடவுச்சொல்லை விட்டுவைத்திருந்ததால்தான். நீங்கள் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டியதில்லை. நெருங்கிய இரண்டு பேரின் எண்ணையும் அட்மின் எண்ணையும் ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள், அவருடைய குழுவில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அவரிடமும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் அவசரமாகச் சேர்க்க வேண்டிவந்தால் அம்மா அந்தத் தாளைப் பார்த்து ஒரு மெசேஜ் போட்டால் போதும். இந்தக் குழாயை எப்படிக் கழற்றுவது, டாக்டரிடம் எதைக் கேட்பது என்று அங்கேயே அவருக்கு ஆள் கிடைக்கும்.